வீட்டுப் பள்ளிக்கூடம்: தாத்தாவுக்கு என்ன கொடுப்பது?

நமது தகப்பனாருக்குச் சென்ற ஆண்டில் எண்பது வயதும் பத்து மாதமும் நிரம்பின. ஆயிரம் பிறை கண்டவர் என்று ஊரார் மரியாதையுடன் சொல்லும் பருவம் அது. சதாபிஷேகத்துக்கு நாள் பார்த்தாயிற்று; பத்திரிகை அச்சடித்தாயிற்று; சமையற்காரருக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. எல்லாம் ஆன பிற்பாடு ஒரு சிறு கேள்வி மட்டும் பாக்கி நின்றது. "அப்பாவுக்கு நீங்கள் என்ன கொடுக்கப் போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள்.

கேள்வி சிறிதுதான். ஆனால் அதற்கு விடை தேடிக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகள் கடைத்தெருவில் அலைந்தோம். வெள்ளித் தட்டு பார்த்தோம். ஜரிகைச் சால்வை பார்த்தோம். மின்சாரத்தினால் காலைப் பிடித்துவிடும் யந்திரம் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். கையில் கட்டிக்கொண்டால் நாடித் துடிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் கடிகாரம் ஒன்றும் காட்டினார். எல்லாம் நல்ல சாமான்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது, கிராமத்து வீட்டிலுள்ள மர பீரோ நம் கண் முன் வந்து நின்றது. அதில் கடந்த பத்து ஆண்டுகளாக நாம் வாங்கிக் கொடுத்த பரிசுகள் எல்லாம், வாங்கிய பெட்டியிலேயே, கட்டிய நாடாவுடனேயே, பத்திரமாக உறங்குகின்றன. "உபயோகித்தால் அழுக்காகிவிடும்" என்று நமது அன்னையார் அவற்றைக் காப்பாற்றி வருகிறார்.

பீரோவுக்குள் போகாத பரிசு ஒன்றே ஒன்று அந்த வீட்டில் உண்டு. நமது மகன் நாலு வயதில் களிமண்ணால் பிடித்த ஒரு கிண்ணம் அது. கிண்ணம் என்று நாம் மரியாதைக்காகச் சொல்கிறோம். அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். விளிம்பில் ஐந்து விரல்களின் அடையாளமும் பதிந்திருக்கும். தகப்பனார் இரவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதில்தான் வைக்கிறார். காலையில் கண் விழித்ததும் கை நேரே அதைத் தேடித்தான் போகிறது.

இதை நினைத்துக்கொண்டு வெறுங்கையுடன் கடையை விட்டு வெளியே வந்தோம். கடைக்காரர் நம்மைப் பற்றி என்ன நினைத்தாரோ!

தாத்தா பாட்டிகளைக் கொண்டாடுவதற்கென்று மேல் நாட்டார் தனியே ஒரு தினம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978-ம் ஆண்டில் ஜனாதிபதி கார்ட்டர் அதைப் பிரகடனம் செய்தார். செப்டம்பர் மாதத்துத் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே தாத்தா பாட்டி தினம். ஐக்கிய நாடுகள் சபையும் 1990-ம் ஆண்டு டிசம்பரில் கூடி, அக்டோபர் 1-ந் தேதியை உலகத்து முதியோர்களின் தினமாக வகுத்தது. நமக்கு இதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் நம் வீடுகளில் பொங்கல் உண்டு, தீபாவளி உண்டு, அறுபதாங் கல்யாணம் உண்டு, சதாபிஷேகம் உண்டு. பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்திருக்க நமக்குச் சந்தர்ப்பங்கள் குறைவில்லை. விழுந்து எழுந்த பிறகு அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்பதுதான் சங்கடம். குழந்தைகளுக்குக் கையில் காசில்லை. நமக்குக் காசு இருந்தால் நேரமில்லை. ஆகவே நாம் வாங்குகிறோம், குழந்தைகள் அதைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், பீரோ நிறைகிறது.

குழந்தைகளே செய்து கொடுத்தால் என்ன? அதற்கு நாம் உதவி புரிந்தால் என்ன? இந்த வாரம் இதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம். நமது சொந்த வீட்டில் நாம் செய்த ஒரு பிசகையும் கடைசியில் ஒப்புக்கொள்வதாக உத்தேசம்.

*

கைவேலைப் பரிசு என்பது ஏழை வீட்டு ஏற்பாடு என்று யாராவது எண்ணினால், இரண்டு உதாரணங்களை அவர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 1942-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்திரா நேருவுக்கும் பெரோஸ் காந்திக்கும் விவாகம் நடந்தது. மணமகள் அன்று உடுத்தியிருந்தது, தந்தை ஜவாஹர்லால் சிறையில் இருந்தபோது தம் கையால் நூற்ற நூலில் நெய்த கதர்ப் புடவை. ஆனந்த பவனத்தில் பட்டுக்குப் பஞ்சமா என்ன? 1947-ம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் இளவரசி எலிஸபெத்துக்குக் கல்யாணம் நடந்தபோது, மகாத்மா காந்தி அனுப்பிய பரிசும் தாமே நூற்ற நூலில் பின்னிய ஒரு துணிதான். அதன் நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்துக்கள் பின்னப்பட்டிருந்தன. உலகத்து அரசர்கள் அனுப்பிய வைரங்களுக்கு நடுவே அந்தப் பருத்தித் துணியும் இடம்பெற்றது.

கையால் செய்த பொருளில் செய்தவருடைய பொழுது கலந்திருக்கிறது. கடையில் வாங்கிய பொருளில் நம் பணம் இருக்கிறது. பணம் போனால் திரும்பவும் வரும். பொழுது போனால் வராது. இதைக் கிழவர்களைப் போல் அறிந்தவர்கள் வேறு யார்?

1937-ம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழில் மூலமாகவே பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்க வேண்டுமென்ற கொள்கையைக் காந்திஜி எடுத்துரைத்தார். உபாத்திமைத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்த நமக்கு அதன் உண்மை நாளுக்கு நாள் விளங்கி வருகிறது. தாத்தாவுக்கு ஒரு டப்பா செய்யும் குழந்தை அளக்கிறது, எண்ணுகிறது, எழுதுகிறது, காத்திருக்கிறது. இவை நான்கும் வந்துவிட்டால் படிப்பில் பாதி வந்த மாதிரிதான்.

*

முதற் காரியம், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது. தாத்தா வீட்டுக்குப் போகும்போது குழந்தையிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். "தாத்தா இன்றைக்கு எதையெல்லாம் தேடினார்? பாட்டி எதற்காகக் கஷ்டப்பட்டாள்? எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாத குழந்தையானால் படம் வரையட்டும். சாயங்காலத்துக்குள் ஒரு ஜாபிதா தயாராகிவிடும். தாத்தா மூன்று தடவை சாவியைத் தேடினார். பாட்டி கைப்பேசியில் எண்ணைப் படிக்க முடியாமல் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாயிற்றா இல்லையா என்று இருவருக்கும் விவாதம் நடந்தது. இந்த ஜாபிதாவிலிருந்துதான் பரிசு பிறக்க வேண்டும். பெரியவர்களின் ஒரு நாளில் ஒரு வேலையைச் செய்யும் பொருளே பீரோவுக்குள் போகாமல் தப்பிக்கும்.

சாவிக்கும் கண்ணாடிக்கும் காகிதக் கூழ்க் கிண்ணம் உகந்தது. இது புதுமையல்ல, நம் பாட்டிமார் செய்து வந்த வேலைதான். பழைய பத்திரிகைக் காகிதத்தைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்துத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைக்க வேண்டும். தினந்தோறும் தண்ணீரை மாற்றினால் நாற்றம் வராது. பிறகு நீரைப் பிழிந்துவிட்டு, ஊற வைத்த வெந்தயம் ஒரு பிடி சேர்த்து மைய அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்புத்தான் இங்கே பசை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, அரைத்த கூழை அரை அங்குலக் கனத்தில் சீராக அப்பி வெயிலில் காய விடலாம். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்களில் உலர்ந்துவிடும். துணியோடு கழற்றித் துணியை உரித்துவிட்டு, உள்ளும் புறமும் பழைய புடவைத் துண்டையோ வர்ணக் காகிதத்தையோ ஒட்டினால் கிண்ணம் தயார். மூன்று வயதுக் குழந்தைகூட இதில் பங்குகொள்ளலாம். காகிதம் கிழிக்க அந்த வயதைக் காட்டிலும் சிறந்த வயது கிடையாது. அச்சு மை கலந்த காகிதமானதால் தின்பண்டம் மட்டும் இதில் வைக்கலாகாது.

கண் மங்கிய பெரியவர்களுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம். இது ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் வேலை. வழவழப்பில்லாத கெட்டிக் காகிதத்தில், ஒவ்வொரு எழுத்தும் அரை அங்குல உயரத்துக்குக் குறையாமல், கறுப்பு மையினால் அகன்ற வரிகளாக எழுதட்டும். வழவழப்பான காகிதத்தில் விளக்கொளி பட்டுக் கண் கூசும். ஆகையால்தான் அதை வேண்டாமென்கிறோம். பாட்டிக்குப் பிரியமான பாட்டு, தாத்தா அடிக்கடி தேடும் ஸ்லோகம், உறவினரின் பிறந்த நாட்கள் ஆகியவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதலாம். கைப்பேசி எண்களுக்கென்று தனியாக ஒரு புத்தகம் செய்தால் இன்னும் பயன்படும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த மனிதரின் படத்தைக் குழந்தையே வரைய வேண்டும். பெரிய மாமாவுக்கு மீசை, சின்ன அத்தைக்கு மூக்குத்தி, வைத்தியருக்குக் கழுத்தில் குழாய். எழுத்து வாசனை இல்லாத பாட்டியும் படத்தைப் பார்த்து எண்ணை அழுத்துவாள்.

மாத்திரை விவாதத்தைத் தீர்க்கத் தீப்பெட்டி அலமாரி செய்யலாம். காலித் தீப்பெட்டிகள் 14 வேண்டும். குச்சிகளைப் பெரியவர்களே அப்புறப்படுத்திவிட்டு, உரசும் பக்கங்களின் மேல் காகிதம் ஒட்டி மறைத்த பிறகுதான் பெட்டிகளைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டும். ஜோடி ஜோடியாக ஏழு வரிசை அடுக்கி, மைதா மாவுப் பசையால் ஒட்டிவிட்டால், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று 14 இழுப்பறைகள் கிடைக்கின்றன. காலைப் பெட்டிகளில் சூரியனும் இரவுப் பெட்டிகளில் சந்திரனும் குழந்தை வரையட்டும். ஒவ்வோர் இழுப்பறையிலும் ஒரு சட்டைப் பொத்தானைத் தைத்தால் அதுவே கைப்பிடி. மாத்திரைகளை உறையிலிருந்து பிரிக்காமல், உறையோடு கத்தரித்துத்தான் வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் கெடும் மருந்துகள் உண்டு. நிரப்புவதும் பெரியவர்களின் பொறுப்பு. அலமாரி இருக்கும் இடம் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாததாக இருக்க வேண்டும். செய்தது அவர்களே ஆனாலும் இந்த விஷயத்தில் தாட்சண்யம் கூடாது.

பொழுது போகாத பாட்டிக்குப் பல்லாங்குழி. மரத்தில் குடைந்த பலகை வேண்டுமென்பதில்லை. ஒரு சாதாரணப் பலகையின் மேல் 14 அகல் விளக்குகளை வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் ஒட்டிவிட்டால் குழிகள் ஆயின. அகல்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசுவது குழந்தைகளின் வேலை. குழிக்கு ஐந்து வீதம் போட்டு ஆடுவதானால் 70 காய்கள் வேண்டும். புளியங்கொட்டையோ சோழியோ போதும். அழகாயிருக்கிறதே என்று குன்றிமணியைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். அதனுள்ளே கொடிய விஷம் இருக்கிறது. ஓடு உடைந்த மணி ஒன்றைக் குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பரிசின் விசேஷம் என்னவென்றால், கொடுத்த குழந்தை அங்கேயே உட்கார்ந்து பாட்டியோடு ஆடித் தோற்க வேண்டும். பரிசில் பாதி பலகை. மற்றப் பாதி அந்தத் தோல்வி.

துணியில் பூப்போட வெண்டைக்காய் இருக்கிறது. முற்றின காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ முத்திரை ஒன்று கையில் கிடைக்கும். துணிக்கென்று விற்கும் சாயத்தில் தொட்டுத் தாத்தாவின் துண்டிலோ பாட்டியின் பையிலோ ஒற்றலாம். காகிதத்தில் வாழ்த்து எழுதுவதானால் சமையலறைச் சாயமே போதும். மஞ்சள் குழம்பில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் அது குங்கும நிறமாய் மாறும். இந்த அதிசயத்தைக் குழந்தைகள் எதிரிலேயே செய்து காட்ட வேண்டும். ரஸாயன சாஸ்திரத்தின் முதற் பாடம் அதுதான். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆகையால் அந்த வாழ்த்தை ஜன்னலோரம் மாட்ட வேண்டாம்.

தூர தேசத்தில் இருக்கும் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. இந்நாளில் கைப்பேசியின் கண்ணாடியில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆனால் குழந்தை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பது அந்தச் சிறு கண்ணாடியில் தெரிவதில்லை. பிறந்த நாளன்று குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு நாடாவை அளந்து கத்தரித்து, அதில் குழந்தையையே பெயரும் தேதியும் எழுதச் சொல்லித் தபாலில் அனுப்புங்கள். தாத்தா அதைத் தூணில் கட்டித் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாடா. இதற்கு ஆகும் செலவை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

*

இனி, ஒப்புக்கொள்வதாகச் சொன்ன பிசகுக்கு வருவோம்.

கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய அன்று இரவு, நமது மகள் "ஆயிரம் பிறை என்றால் என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு வயது ஏழு. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இருபத்தொன்பதரை நாள் இடைவெளி. அப்படி ஆயிரம் பிறை காண ஏறக்குறைய 29,530 நாட்கள் செல்லும். அதை ஆண்டுகளாக்கினால் எண்பது ஆண்டும் பத்து மாதமும் ஆகும் என்று கணக்கு உபாத்தியாயருக்குரிய கம்பீரத்துடன் விளக்கினோம். அவள் கணக்கைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "அத்தனை நிலாவையும் தாத்தாவுக்கு நான் போட்டுக் கொடுக்கிறேன்" என்றாள்.

அடுத்த நாளே கருநீலக் கைத்தறித் துணி ஒன்று வாங்கினோம். நாற்பதங்குல நீளமும் இருபத்தைந்து அங்குல அகலமும் விட்டு, ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டியால் 25 வரிகள் இழுத்துக் கொடுத்தோம். வரிக்கு 40 நிலா. வெள்ளைச் சாயத்தில் ஆட்காட்டி விரல் நுனியைத் தொட்டு ஒற்றினால் ஒரு நிலா. நாளைக்கு 50 வீதம் 20 நாளில் முடிக்க வேண்டுமென்று ஏற்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பலகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் சலிப்பு; ஒரு நாள் அழுகைகூட வந்தது. "போதும், அறுநூறு நிலாவே தாத்தாவுக்குப் போதும்" என்றாள். "தாத்தா ஒரு மாதமும் விடாமல் பார்த்திருக்கிறாரே" என்று அவள் தாயார் மட்டும் மெதுவாகச் சொன்னாள். குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விரலைத் தொட்டது. மூன்றாவது வாரத்தில் வைராக்கியம் பிறந்துவிட்டது. இருபதாம் நாள் துணி முழுவதும் நிலவு காய்ந்தது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு. எல்லோரும் உறங்கிய பிறகு, நாம் அந்தத் துணியை விளக்கடியில் விரித்து எண்ணினோம். ஏன் எண்ணினோம் என்று கேட்டால், பிறர் எழுதிய விடைகளைத் திருத்தியே வயிறு வளர்ப்பவருக்கு வேறு புத்தி வராது என்பதுதான் பதில். மொத்தம் 993. ஐந்து வரிகளில் ஒவ்வொன்று குறைந்தது. ஒரு வரியில் இரண்டு குறைந்தது. ஊரெல்லாம் கூடும் சபையில், ஆயிரம் என்று சொல்லிக் கொடுக்கும் பரிசில் ஏழு குறைவதா! சாயக் கிண்ணத்தைத் தேடி எடுத்தோம். வரிகளின் முனையில் காலியாயிருந்த இடங்களில் நம் விரலைத் தொட்டு ஏழு நிலாக்களை வைத்தோம். கணக்குச் சரியாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் துணியை மடிக்க வந்த குழந்தை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, இதெல்லாம் என் நிலா இல்லை."

விரல் பெரிது, ஆகவே நிலாவும் பெரிது. ஆயிரத்தின் நடுவே ஏழும் பளிச்சென்று தெரிந்தன. நாம் சமாதானம் சொல்ல ஆரம்பித்தோம். எண்ணிக்கை குறைந்ததையும் எடுத்துச் சொன்னோம். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானே போட்டிருப்பேனே?" என்றாள். இந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை. இது தன்னுடையது அல்லவென்றும், தாத்தாவுக்குத் தான் கொடுக்க மாட்டாள் என்றும் சொல்லித் துணியைச் சுருட்டி நம் மடியில் போட்டுவிட்டாள். காவேரிக் கரை ஊர் போய்ச் சேரும் வரையில் ரயிலில் நம்மோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

விழாவெல்லாம் முடிந்து, பந்தல் அடங்கி, உறவினர் திண்ணையில் சாய்ந்த பிறகு, தகப்பனாரிடம் தனியே போய்த் துணியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். நாற்பத்தைந்து வயதில் தந்தையின் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வது, ஐந்தாம் வயதில் ஒப்புக்கொள்வதைவிடச் சிரமமாகத்தான் இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைச் சாய்ந்த கிண்ணத்திலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். துணியைத் தொடை மேல் விரித்து, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போனார். பெரிய நிலா வந்த இடத்தில் எல்லாம் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பேத்தியைக் கூப்பிட்டார். அவள் கதவோரமாக நின்றாள்.

"இந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றும் நீ வைத்தது. அப்படித்தானே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"இந்த ஏழும் உன் அப்பன் வைத்தது. அவன் சின்னப் பிள்ளையாயிருந்தபோது எனக்கு ஒன்றும் செய்து கொடுத்ததில்லை. நான் ஆபீசு ஆபீசு என்று ஓடிக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொள்ள எனக்கும் பொழுதில்லை. இப்போதுதான் செய்திருக்கிறான். அவனும் என் குழந்தைதானே, அம்மா? இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கேட்காமல் வைத்தது தப்பு. டேய், குழந்தையிடம் மன்னிப்புக் கேள்."

கேட்டோம். அவள் சற்று யோசித்து, "சரி, ஏழு மட்டும்தான்" என்றாள். பிறகு துணியைத் தன் கையால் மறுபடி மடித்து, புதிதாகக் கொடுப்பது போலத் தாத்தாவிடம் கொடுத்து நமஸ்காரம் செய்தாள்.

*

இந்த அனுபவத்திலிருந்து நாம் கற்ற பாடத்தைத் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கத்தியும் அடுப்பும் வேண்டிய இடத்தில் நம் கை உதவலாம். அளவு தவறினால் குழந்தையிடமே சொல்லலாம்; திருத்துவதா விடுவதா என்று அதுவே தீர்மானிக்கட்டும். ஆனால் குழந்தை உறங்கிய பிறகு, கோணலை நேராக்குகிறோம், குறைவை நிரப்புகிறோம் என்று நம் கை அதன் வேலைக்குள் நுழையலாகாது. நாம் திருத்திய பொருளைக் கண்டு விருந்தாளிகள் வேண்டுமானால் புகழ்வார்கள். தாத்தாவுக்கோ அந்தக் கோணலில்தான் பேரக் குழந்தையின் கை தெரிகிறது.

இன்னொன்று. குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் நம் பங்குக்கு, நம் பெயரில், வேறொன்றைச் செய்யலாம். நம்மில் அநேகருக்குத் தாய் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கையால் கடைசியாக எதைச் செய்து கொடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தால், பலருக்கு விடை வராது. நமக்கு வரவில்லை.

அந்த நீலத் துணி பீரோவுக்குள் போகவில்லை. தகப்பனார் மார்கழிப் பனியில் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் திண்ணையில் உட்காருகிறாராம். அன்னையார் இரண்டு தடவை துவைத்தும் சாயம் போகவில்லையாம். சென்ற மாதம் பேத்திக்கு எழுதிய கடிதத்தில், ஆயிரத்துக்குப் பிறகு இன்னும் சில பிறைகள் பார்த்தாகிவிட்டது என்றும், ஓரத்தில் இடம் இருப்பதாகவும், லீவுக்கு வரும்போது சாயம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தார். கீழே நமக்கும் ஒரு வரி இருந்தது: "நீயும் வா. கேட்டுக்கொண்டு வை."